பாதி மோதிர விரல்

ஆடி அமாவாசைக் காலையில் காளிகாட்டுப் படித்துறையில் எள் போட்டால் எள் விழாது. அந்தக் கூட்டத்தில் நாகலக்ஷ்மி ஸ்நானத்தை முடித்துக்கொண்டு, ஈரப் புடவையோடு, இடது இடுப்பில் பித்தளைக் குடமும் வலது கையில் மூன்றரை வயசுக் காமுவுமாகச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். வேகமான நடைதான். ஒன்பதரைக்குள் ஐந்து ஆண்களுக்கு இலை போட்டாக வேண்டும். அவள் புருஷன் வெங்கடராமன் ஒருத்தன். மீதி நாலு பேர் அவர்கள் வீட்டில் சாப்பிடும் மெஸ்காரர்கள். போன வருஷம் ராஜதானியைத் தில்லிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது தஞ்சாவூர்க் குமாஸ்தாக்கள் பாதிப் பேர் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். கல்கத்தாவோடு தங்கிவிட்ட சிலருக்கு நாகலக்ஷ்மியின் ரசம்தான் ஊர்.

சந்து திரும்பும் இடத்தில் ஒரு குழி. மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"குழி இருக்கு, பாத்து வா" என்றாள். பதில் இல்லை. குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் ஒரு குழந்தையின் கையைப் பிடித்திருப்பது போலவே மடங்கியிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

குடம் எங்கே விழுந்தது என்று அவளுக்குப் பிற்பாடும் ஞாபகம் வரவில்லை. "காமூ! காமூ!" என்று அலறிக்கொண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். குழந்தை இரண்டாம் படியில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மிதந்து போகும் சாமந்திப் பூவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு வங்காளிக் கிழவி அதன் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நாகலக்ஷ்மியைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது நாகலக்ஷ்மிக்கு.

பிடித்திருக்கிறோம் என்று விரல் சொல்லவில்லை. விட்டுவிட்டோம் என்றும் சொல்லவில்லை. பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

இந்தக் கைக் கோளாறு சித்திரையிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் விடியற்காலையில் கை மரத்துப்போகும். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். எழுந்து உட்கார்ந்து ஈரத் துணியை உதறுவது போல உதறினால் சரியாகும். அப்புறம் பகலிலும் வந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. தாளிக்கக் கடுகை எடுத்தால் எடுத்தோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குங்குமம் நெற்றிக்கு நடுவில் நிற்காமல் புருவத்தில் வழிந்தது. ஏழு பேருக்கு இட்லிக்கு அரைப்பதும், மடிக்கு ஒன்பது கஜப் புடவையை நாளுக்கு இரண்டு தரம் முறுக்கிப் பிழிவதும் மட்டும் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்? மடிச் சமையலில் இன்னொருத்தி கை வைக்க முடியாதே.

வெங்கடராமனும் சும்மா இருந்துவிடவில்லை. வாதம் என்று முடிவு பண்ணி, கோவில் தெருக் கடையில் ஒரு செப்புக் காப்பு வாங்கி வந்தான். தோலோடு ஒட்டிக் கிடந்தால்தான் வாதம் இறங்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். மணிக்கட்டில் போட்டு, இரண்டு முனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு நெருக்கிவிட்டான். ஆசையாகத்தான் செய்தான், பாவம். அதற்கப்புறம்தான் கட்டை விரலும் அடுத்த இரண்டும் அடியோடு செத்துப்போயின.

அன்றைக்குப் படித்துறையில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, நமுத்த கரியை ஊதி ஊதி அடுப்பை மூட்டி, வாழைக்காய்க் கறியும் பாயசமும் பண்ணி இலை போட்டாள். மனசு மட்டும் அந்த இரண்டாம் படியிலேயே நின்றது. ஈயச்சொம்பு ரசம் பொங்கி வந்தபோது, எப்போதும் போல விளிம்பைப் பிடித்து இறக்கினாள். எப்போதும் விரல் சுட்டவுடன் கை மாறும். இன்றைக்கு மாறவில்லை.

வெங்கடராமன் அன்றைக்கு ரசத்துக்குக் காத்திராமல் சாப்பிட்டு ஆபீஸ் போயிருந்தான். பந்தியில் முதல் இலை மஹாதேவனுடையது. ரயில் கம்பெனி ஆபீஸில் ஹெட் குமாஸ்தா, ஐம்பது வயசு, ஆசாரம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நெய் குத்தும்போது கரண்டி நழுவி அவர் இலை ஓரத்தில் விழுந்தது. நாகலக்ஷ்மி குனிந்து எடுத்தாள்.

"மாமி, கையில என்ன அது?"

அப்போதுதான் அவளே பார்த்தாள். கட்டை விரலிலும் அடுத்த இரண்டிலும் கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"சுட்டுண்டேளா?"

"தெரியலையே..." என்றாள். "எப்போன்னு தெரியலை."

நுணலும் தன் வாயால் கெடும். 'ஆமாம், இப்பத்தான் அடுப்புல பட்டுது' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கதையே இல்லை. மஹாதேவன் அந்தக் கையைப் பார்த்தார். இலையில் விழுந்த நெய்யைப் பார்த்தார். அமாவாசையும் அதுவுமாக, பாயசம் வருமுன்னே பாதி இலையில், சாப்பாட்டை முடிக்கிற உத்தராபோசனத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசி இலையில் இருந்த டைப்பிஸ்ட் பையன் சீதாராமன் மட்டும் பசி தாங்காமல் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டு விழித்தான்.

யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நெருப்புப் பட்டால் தெரியாத கைக்கு ஊரில் ஒரே பேர்தான். பெருவியாதி.

சாயங்காலம், விஷயம் காதில் விழுந்து ஆபீஸிலிருந்து வந்த வெங்கடராமன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"கையைக் காட்டு."

காட்டினாள். அவன் கிட்டே வரவில்லை.

"எத்தனை நாளா இப்படித் தெரியாம இருக்கு?"

"நான்தான் சித்திரைலேர்ந்து மரத்துப்போறதுன்னு சொல்லிண்டே இருக்கேனே. நீங்கதானே காப்பு வாங்கிப் போட்டேள்?"

"மரத்துப்போறதுன்னுதான் சொன்னே. சுட்டாத் தெரியலைன்னு சொன்னியா?" அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "எங்க அத்தைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, நாகு. தோசைக்கல்லுல கையை வெச்சுண்டு பேசிண்டே இருந்தா. நாத்தம் வந்தப்பறம்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. மாட்டுக் கொட்டாய்ல ஒரு ரூம் மாதிரி தடுத்து அதுக்குள்ள விட்டுட்டா. சாதத் தட்டை மூங்கில் கழியாலே தள்ளி விடணும். எனக்கு அப்போ எட்டு வயசு. நான்தான் தள்ளுவேன்."

நாகலக்ஷ்மிக்கு எட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இந்த அத்தை இருந்ததே தெரியாது. அவன் கூடத்துக்குப் போய்க் குழந்தையின் பாயைச் சுருட்டித் தன் அறையில் கொண்டுபோய் விரித்தான்.

"காமு, அம்மா கையைத் தொடப்படாது, கண்ணா. அம்மாக்குக் கையில உவ்வா. சரியா?"

குழந்தைகளுக்கு இந்த மாதிரிச் சட்டம் என்றால் கொண்டாட்டம். மறுநாள் முழுக்கக் காமு, "அம்மா கை ஆகாது, தொடப்படாது" என்று பாட்டாகவே பாடிக்கொண்டு திரிந்தது. தலை பின்ன வா என்றால் நாலடி தள்ளி நின்று சிரித்தது. நாகலக்ஷ்மியும் கூடச் சிரித்து வைத்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மெஸ்காரர்களுக்கு வரிசையாக வயிறு சரியில்லாமல் போயிற்று. பக்கத்துப் பேட்டையான பவானிப்பூரில் திடீரென்று உறவுக்காரர்கள் முளைத்தார்கள். சீதாராமன் ஒருத்தன் மட்டும் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுப் போனான். அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மஹாதேவன் வந்தார். வாசல் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். ஓட்டிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாகலக்ஷ்மி நின்று கேட்டாள்.

"ஓய், நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதேயும். விஷயம் வெளில பரவித்துன்னா நம்மவா ஒருத்தர் உம்மாத்துல கால் வெக்க மாட்டா. அந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் கார்த்திகை ஆகவேண்டாமா?"

"இன்னும் நிச்சயமாத் தெரியலையே, அண்ணா."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? சுட்டது தெரியலைன்னு அவ வாயாலேயே சொன்னாளே! உம்ம மச்சினருக்கு எழுதிப் போடும். வந்து திருவையாத்துக்கு அழைச்சுண்டு போகட்டும். பிறந்தாத்துல ஒதுக்கமா இருந்துட்டுப் போறா."

"குழந்தை?"

"குழந்தையை எப்படி ஓய் கூட அனுப்புவீர்? உம்ம தங்கையை வரவழையும்."

வெங்கடராமன் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நாகலக்ஷ்மி ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மத்தியானமே எழுதிப் போட்டுட்டேன், அண்ணா" என்றான்.

மச்சினர் என்பது அவள் அண்ணா பட்டாபிராமன். கடிதம் போய்ச் சேர மூன்று நாள், நாலு நாள். அண்ணா ரயிலேறி ஹவுராவில் வந்து இறங்க மிஞ்சிப் போனால் ஒரு வாரம். அதற்கப்புறம் காமு வேறொருத்தி கையால் சாப்பிட்டு வளரும்.

மறுநாள் காலை எல்லோரும் ஆபீஸ் போன பிறகு முற்றத்தில் குடத்தை நிரப்பித் தூக்கினாள். கழுத்தைப் பிடித்த கை பிடிக்கவில்லை. குடம் கல்லில் விழுந்து உருண்ட சத்தத்துக்கு மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் கிரிபாலா இறங்கி வந்தாள். வங்காளி, பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். கையில் செதில் மின்னியது.

"கீ ஹொயேச்சே, பௌமா? என்ன ஆச்சு மருமகளே, அமாவாசையிலிருந்து பார்க்கிறேன், உன் முகமே சரியில்லையே" என்று வங்காளியில் கேட்டுக்கொண்டே நாகலக்ஷ்மியின் வலது கையை இரண்டு கையாலும் பற்றிப் புரட்டிப் பார்த்தாள்.

மற்ற நாளாக இருந்தால் நாகலக்ஷ்மி துள்ளி விலகியிருப்பாள். மடி போச்சு, மீன் கை பட்டுவிட்டது, மறுபடி ஸ்நானம். அன்றைக்கு விலகவில்லை. நாலு நாளாக இந்தக் கையை ஒருத்தர் தொடவில்லை. பெற்ற குழந்தை தொடவில்லை. மீன் நாற்றத்தோடு அந்தக் கைகள் பிடித்தபோது அவளுக்குக் கேவிக் கேவி அழுகை வந்தது.

"மாஷிமா, தொடாதீங்கோ. பெருவியாதியாம்" என்று அவளைச் சித்தி முறையில் அழைத்துத் தனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னாள்.

"எந்தக் கழுதை சொன்னது?"

நாகலக்ஷ்மி மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும்."

"எல்லாரும் டாக்டரா? நாளைக்குக் காலையில் கிளம்பு. குழந்தையை என் மருமகள் பார்த்துக்கொள்வாள்."

அப்படித்தான், புருஷனிடம் சொல்லாமல் நாகலக்ஷ்மி முதல் தடவையாக டிராம் ஏறினாள். பெண்களுக்கென்று இருந்த ஓர் ஆஸ்பத்திரி. தாழ்வாரத்தில் மழைக் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, கண்ணாடி போட்ட வங்காளிப் பெண் டாக்டர் ஒருத்தி கூப்பிட்டாள். பேச்சில் சிக்கனம். முதுகைப் பார்த்தாள், காது மடலைத் தடவினாள், முழங்கைக்குப் பின்னால் விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். உடம்பில் எங்கேயாவது வெளுத்த தேமல் உண்டா என்று கேட்டாள். இல்லை. கையில் கட்டை விரலடிச் சதை வற்றியிருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஒரு குண்டூசியை எடுத்தாள்.

"கண்ணை மூடிக்கொள். குத்தினால் சொல்."

நாகலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை.

"குத்தவே இல்லையே!"

"மூன்று விரலில் குத்திவிட்டேன்" என்றாள் டாக்டர்.

கிரிபாலா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். நாகலக்ஷ்மிக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அப்போது 'சுருக்'கென்றது.

"ஆ! சுண்டு விரல்!"

"ம். இப்போது?" மோதிர விரலில், நடு விரல் பக்கமாகக் குத்தினாள். ஒன்றும் இல்லை. அதே விரலில், சுண்டு விரல் பக்கமாகக் குத்தினாள்.

"ஸ்... வலிக்கிறது!"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தாள். முகத்தில் முதல் முதலாக ஒரு சிரிப்பு தெரிந்தது.

"இது நீ பயப்படுகிற குஷ்டம் இல்லை. அது ஒரு விரலைப் பாகம் பிரித்துப் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று விடாது. இந்த மூன்றரை விரலுக்கும் போகிற நரம்பு மணிக்கட்டு வழியாகப் போகிறது. அங்கே நெரிபடுகிறது. சலவைக்காரிகள் வருவார்கள், மசாலா அரைக்கிற பெண்கள் வருவார்கள், இதே கையோடு. நீ என்ன வேலை செய்கிறாய்?"

கிரிபாலா முந்திக்கொண்டாள். "இவளா? அரைக்கிறாள், பிழிகிறாள், மறுபடி அரைக்கிறாள். கீழ்வீட்டில் எப்போதும் கல் சுற்றுகிற சத்தம்தான்."

"அதை நிறுத்தணும். மணிக்கட்டை நேராக வைத்து மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு தூங்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். முழுக்க வருமா என்று இப்போது சொல்ல மாட்டேன்." பிறகு காப்பைக் காட்டினாள். "இதை யார் இப்படி இறுக்கியது?"

டாக்டர் குறடால் அதை விரித்து எடுத்தாள். அடியில் தோல் வெந்தது போல வெளுத்து, பள்ளமாக ஒரு வளையம் பதிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மஹாதேவன் வந்தபோது கூடத்தில் வெங்கடராமனும் சீதாராமனும் இருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டான், நம்பினானா என்று தெரியவில்லை. குழந்தையின் பாய் மட்டும் அவன் அறையிலேயே இருந்தது. டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த சீட்டை மஹாதேவன் எட்டத்திலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு படித்தார்.

"பொம்மனாட்டி டாக்டர். நாலு நாள் படிச்சுட்டு எதையாவது எழுதிக் குடுப்பா. இதை நம்பி நாங்க எப்படி..."

"சீட்டை நம்ப வேண்டாம்" என்று குரல் வந்தது.

நாகலக்ஷ்மி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், நடுவில், பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் அவள் பரிமாறியிருக்கிறாள், பெருக்கியிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. வலது கையை முழங்காலில் மலர்த்தி வைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்களே குத்திப் பாருங்கோ, அண்ணா. சட்டைப் பையில குண்டூசி வெச்சிண்டிருப்பேளே."

மஹாதேவன் ஊசியை எடுத்தார். எடுத்தவர் அசையவில்லை. ஆசாரத்துக்குப் பயந்தாரோ வியாதிக்குப் பயந்தாரோ, ஊசியை வெங்கடராமனிடம் நீட்டினார். "நீர் குத்தும் ஓய்."

வெங்கடராமன் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தான். குத்துவதற்கு விரலைப் பிடித்தாக வேண்டும். பிடித்தான். ஆறு நாளைக்கப்புறம் அவன் கை அவள் கைமேல் பட்டது.

கட்டை விரல். பேசாமல் இருந்தாள். ஆள்காட்டி விரலில் ரத்தம் பொட்டு வைத்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடு விரலும் அப்படியே.

"பாத்தீரா?" என்றார் மஹாதேவன்.

"பொறுங்கோ, மாமா" என்றான் சீதாராமன். அவன் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சுண்டு விரல்" என்றாள் நாகலக்ஷ்மி சுவரிடம். "குத்திட்டேள். வலிக்கிறது."

வெங்கடராமன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்தான். மோதிர விரலில் நடு விரல் பக்கம், சத்தமில்லை. சுண்டு விரல் பக்கம்.

"மோதிர விரல். இந்தப் பாதி."

அவன் நம்பாமல் திரும்பக் குத்தினான். இந்தப் பாதி, அந்தப் பாதி, மறுபடி இந்தப் பாதி. அவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. கோடு கிழித்தாற்போல விரல் நடுவில் பிரிந்திருந்தது. "எங்க அத்தைக்கு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "சுண்டு விரல்தான் முதல்ல மடங்கித்து. அதுதான் முதல்ல போச்சு" என்றான் தனக்குள்ளேயே. ஊசியைக் கீழே போட்டுவிட்டு, மணிக்கட்டில் காப்பு பதிந்த வளையத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "நான்தானே நெருக்கினேன், நாகு."

"ஆமாம்" என்றாள் அவள். இல்லை என்று சொல்ல அவளுக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. "எங்க அண்ணாவுக்குத் தந்தி அடிங்கோ. வர வேண்டாம்னு. இன்னிக்கே."

"அடிக்கிறேன்."

"கல்லு இனிமே என்னது இல்லை. மடி வேஷ்டியைக் கட்டிண்டு நீங்களே அரைங்கோ. ஆம்பளை அரைச்சா தீட்டுன்னு எந்தச் சாஸ்திரத்துலயும் இல்லை. இட்லி வேணுங்கறவா முறை போட்டுக்கட்டும்." அவள் எழுந்தாள். "வேண்டாங்கறவாளுக்குப் பவானிப்பூர் இருக்கு."

மஹாதேவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உளுந்து தனியா அரைக்கணுமா, சேர்த்தா?" என்று சீதாராமனைக் கேட்டார். மன்னிப்பு என்றால் அவர் அகராதியில் அவ்வளவுதான். சீதாராமனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

காமு இத்தனையையும் கதவிடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாகலக்ஷ்மி அதன் முன்னே போய் உட்கார்ந்தாள். "வா" என்று கை நீட்டினாள். குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"ஆகாது. அப்பா சொன்னா."

வெங்கடராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகலக்ஷ்மி வேண்டாம் என்று தலையசைத்தாள். சொல்லி வருகிற தொடுகை அவளுக்கு வேண்டாம்.

குழந்தை ரத்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. "இது வலிக்கிறதா?"

"இல்லை."

"இது?"

"இல்லைடி, கண்ணா."

"இது?"

"சுண்டு விரலா? அது வலிக்கிறது. அது நன்னா இருக்கு, அதனாலதான் வலிக்கிறது."

காமு அதை யோசித்தது. அப்புறம் பின்னாலிருந்து கையை எடுத்து, நன்றாக இருக்கிற அந்தச் சுண்டு விரலை மட்டும் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊசி குத்தின இடம் சுரீரென்றது. நாகலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று இப்போது விரல் சொன்னது.